கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு நாவலைப் பற்றி. வில்லியம் மெக்கில்வனி எழுதிய ‘லெய்ட்லா’. 1977இல் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடக்கும் போலீஸ் கதை. கதையை மட்டும் சொல்வதென்றால் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் படித்தவர்கள் இந்தப் புத்தகத்தின்மேல் வைக்கும் குறைகள் இருக்கின்றனவே, அவை புத்தகத்துக்குச் சற்றும் குறையாத சுவை உள்ளவை. யாரிடம் கேட்டாலும் அதே ஏழெட்டுப் புகார்கள்தாம் வருகின்றன. அவற்றில் எது நியாயம், எது நியாயமில்லை என்று துருவப் போனால், நாவலின் உள்ளே எங்கே உயிர் இருக்கிறதோ அங்கே போய் நிற்கிறோம். அதனால் புகார்களின் வழியாகவே உள்ளே போகலாம் என்று நினைக்கிறேன்.

முதல் புகார், எல்லாரும் சொல்வது: கொலை செய்தவன் யார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன துப்பறியும் நாவல்?

உண்மைதான். நாவல் திறக்கும்போதே ஓர் இளைஞன் இரவில் நகரத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் எதையோ செய்துவிட்டான். என்ன செய்தான் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஜெனிஃபர் லாசன் என்ற இளம்பெண் சனிக்கிழமை இரவு நடனத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பவில்லை. கெல்வின்குரோவ் பூங்காவில் அவள் உடல் கிடைக்கிறது. கொன்றவன் டாமி பிரைசன். அவன் பெயர், அவன் பயம், அவன் பதுங்கியிருக்கும் பாழடைந்த கட்டடம் எல்லாம் நமக்குத் தெரியும். தெரியாதவர்கள் போலீஸ்காரர்கள்தாம்.

அப்படியானால் படிப்பவனை எது பிடித்து வைக்கிறது? டாமியைத் தேடுபவர்கள் பல பேர். ஒருவர் துப்பறியும் இன்ஸ்பெக்டர் ஜாக் லெய்ட்லா. இன்னொருவர் பெண்ணின் தகப்பன் பட் லாசன். மகளைக் கொன்றவனைச் சட்டத்திடம் விட அவருக்கு மனமில்லை. தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்று நிற்கிறார். நகரத்தின் பெரிய ரவுடியான ஜான் ரோட்ஸ் அவர் பக்கம். டாமிக்கு வேண்டிய ஒருவர், அவனை எப்படியாவது ஊரைவிட்டுக் கடத்திவிடலாம் என்று மாட் மேசன் என்ற வேறொரு ரவுடியிடம் உதவி கேட்கப் போகிறார். மேசனுக்கோ பையனைக் காப்பாற்றுவதைவிட ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுவது வசதி. ஆக, ஒரே பையனை நோக்கி மூன்று திசையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். யார் கொன்றது என்ற கேள்வியை மெக்கில்வனி முதல் பக்கங்களிலேயே செலவழித்துவிட்டு, யார் கையில் இவன் முதலில் சிக்கப்போகிறான் என்ற கேள்வியை வைத்துக்கொள்கிறார். கொலைகாரன் உயிரோடு பிடிபட வேண்டுமே என்று வாசகன் பதைக்கிறான். ஓர் இளம்பெண்ணைச் சிதைத்துக் கொன்றவனுக்காக! அந்தப் பதைப்பு நம்மையே கூச வைக்கிறது. பலருக்கு இந்த நாவல் பிடிக்காமல் போவதற்கு, மர்மம் இல்லாததைவிட இந்தக் கூச்சமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நூலாசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. மெக்கில்வனி 1936இல் கில்மார்னக் ஊரில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். 1975இல் வந்த ‘டோக்கர்ட்டி’ என்ற நாவல் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தின் கதை. அதற்கு விட்பிரெட் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவர் அடுத்ததாகப் போலீஸ் கதை எழுதப் போனதும் இலக்கிய வட்டாரத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நல்ல கச்சேரி வித்வான் சினிமாவுக்குப் பாடப் போனால் இங்கே சிலர் எப்படிப் பேசுவார்களோ அப்படி. கிரைம் நாவல் வாசகர்களிடம் கேட்டால் அவர்கள் எதிர்ப்பக்கமாக இழுத்தார்கள்: இது கிரைம் நாவலா, தத்துவ நாவலா?

இந்த இரண்டாவது புகாருக்கு இடம் கொடுத்தது லெய்ட்லாவின் மேசை இழுப்பறை. வேறு போலீஸ்காரராக இருந்தால் அங்கே விஸ்கி பாட்டில் இருக்கும். லெய்ட்லா பூட்டி வைத்திருப்பது கீர்க்ககார்ட், காம்யூ, உனாமுனோ ஆகியோரின் நூல்கள். மூவருமே வாழ்க்கையின் அபத்தத்தோடும் துயரத்தோடும் மல்லுக்கட்டிய சிந்தனையாளர்கள். லெய்ட்லா ஒற்றைத் தலைவலிக்காரர், குடும்பத்தில் நிம்மதி இல்லாதவர், வழக்கு கையில் இருக்கும்போது வீட்டுக்குப் போகாமல் ஓட்டலில் அறை எடுத்துத் தங்குபவர். எதிரே இருப்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரசங்கம் செய்கிறார் என்று வாசகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நானும் அலுத்துக்கொண்டதுண்டு. காவல் நிலையத்தில் வாய் திறந்தால் எல்லாருமே பழமொழி போலப் பேசும் சில பக்கங்கள் இருக்கின்றன. உவமைகளும் அப்படித்தான். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரின் வழியில் வந்த கூர்மையான உவமைகள்; முதல் இருபது பக்கம் கைதட்டத் தோன்றும், அதற்கு மேல் கொஞ்சம் மூச்சு விடுங்களேன் ஐயா என்று கெஞ்சத் தோன்றும். இந்தப் புகாரில் பாதியை ஏற்றுக்கொண்டு தாண்டிவிடலாம்.

மீதிப் பாதி முக்கியமானது. லெய்ட்லா இவ்வளவு பேசுவது யாரிடம்? பெரும்பாலும் ஹார்க்னஸ் என்ற இளம் காவலரிடம். ஹார்க்னஸ் அதுவரை வேலை பார்த்தது மில்லிகன் என்ற இன்ஸ்பெக்டரிடம். மில்லிகனின் உலகம் எளிமையானது: இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். குற்றவாளி வேறு சாதி விலங்கு. அவனைப் புரிந்துகொள்ள முயல்வது நேரக்கேடு. லெய்ட்லாவுக்கு அந்தக் கோடு கண்ணில் படுவதில்லை. கொன்றவனும் இதே தெருவில் பேருந்துக்கு நின்றவன்தான், அவனை அசுரன் என்று சொல்லிவிட்டால் நமக்குக் கிடைப்பது நிம்மதி மட்டுமே, உண்மை கிடைக்காது என்று பிடிவாதமாகச் சொல்கிறார். இந்த இருவருக்கும் நடுவில் ஹார்க்னஸ் திண்டாடுகிறான். லெய்ட்லா சொல்வது சரியென்று அவனுக்குச் சில நேரம் படுகிறது, சில நேரம் இந்த மனிதருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்றும் படுகிறது. வாசகர்களை உற்றுப் பாருங்கள், இந்த மூவரில் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். கொலைகாரனுக்கு இவ்வளவு இரக்கம் காட்டலாமா என்று கேட்பவர் மில்லிகனின் நாற்காலியில் இருக்கிறார். புத்தகம் முழுக்க நியாயம் என்று கொண்டாடுபவர் லெய்ட்லாவிடம் சரணடைந்துவிட்டார். நல்ல வாசகன் ஹார்க்னஸ்தான். அவனுக்குக் கடைசிவரை சந்தேகம் தீர்வதில்லை.

இன்னொரு கூட்டம் சொல்வது: போலீஸ் வேலை போதவில்லை. ஆய்வகம் எங்கே, டிஎன்ஏ எங்கே, அறிக்கைகள் எங்கே? இது காலத்தை மறந்த புகார். டிஎன்ஏ வைத்து ஆளைப் பிடிப்பது 1980களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. 1977இல் கிளாஸ்கோ போலீஸ்காரருக்கு இருந்த முக்கியக் கருவி கால். லெய்ட்லா பேருந்தில் ஏறி நகரத்தைச் சுற்றுகிறார், மதுக்கடைகளில் நின்று பேச்சுக் கொடுக்கிறார், பதில் சொல்ல மறுப்பவர்கள் எந்த இடத்தில் மௌனமாகிறார்கள் என்று கவனிக்கிறார். மதுக்கடைக் காட்சிகள்தாம் எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்தவை. ஒருவன் இன்னொருவனை முறைப்பதற்கும் கை ஓங்குவதற்கும் இடையில் அந்த ஊரில் எத்தனை படிகள், எத்தனை மரியாதைகள், எத்தனை கிண்டல்கள் உண்டு என்று மெக்கில்வனிக்கு அத்துப்படி.

பேச்சுமொழி புரியவில்லை என்ற புகாரில் அதிக நேரம் போக்க வேண்டாம். உரையாடல்கள் கிளாஸ்கோ உழைக்கும் மக்களின் பேச்சில் இருக்கின்றன. இங்கிலாந்து வாசகர்களே தடுமாறுகிறார்கள். கரிசல் பேச்சையும் நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் அச்சில் படித்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமில்லை. வாய்விட்டுப் படித்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இனி வருவது கடினமான இடம். டாமி பிரைசன் ஆண்களை விரும்புகிறவன். அவனுக்காக உதவி தேடிப் போகிறவர் அவனுடைய காதலர் ஹாரி ரேபர்ன். இன்றைய வாசகர்கள் பலர் இங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்கிறார்கள்: ஒருபால் ஈர்ப்புள்ளவனைக் கொலைகாரனாகக் காட்டுவதுதானே பழைய கதைகளின் வழக்கம், இதில் என்ன பெருமை?

கேள்வி சரியானது. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் ஆண்டைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களுக்கு இடையிலான உறவு 1967இல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அங்கே சட்டம் மாறியது 1980இல். ஆக, இந்த நாவல் வெளிவந்த 1977இல், டாமி அந்தப் பெண்ணைத் தொட்டே இருக்காவிட்டாலும், ரேபர்னோடு வாழ்ந்த வாழ்க்கைக்காக மட்டுமே அவனைச் சட்டம் குற்றவாளி என்று சொல்லியிருக்கும். சட்டத்தைவிடக் கடுமையானது அந்த ஊர். கப்பல் கட்டும் தளங்களும் எஃகு ஆலைகளும் வளர்த்த ஊர். ஆண் என்றால் இப்படித்தான் குடிக்க வேண்டும், இப்படித்தான் நிற்க வேண்டும், இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று கறாராக எதிர்பார்க்கும் ஊர். அப்படிப்பட்ட இடத்தில் டாமி தன் இயல்பைப் பார்த்துத் தானே பயந்தவன். தான் மற்ற ஆண்களைப் போலத்தான் என்று தனக்கே நிரூபிக்கப் போன இரவு அது. அந்த நிரூபணத்துக்கு ஒரு பெண் செத்துப்போனாள்.

இதைச் சொல்வதால் அவன் செய்தது குறைந்துவிடாது, மெக்கில்வனியும் குறைக்கவில்லை. அவர் செய்வது வேறு. டாமியின் பயத்தையும் பட் லாசனின் முரட்டுத்தனத்தையும் அருகருகே வைக்கிறார். பட் லாசன் கடும் புராட்டஸ்டண்ட் வெறி பிடித்தவர். ஜெனிஃபர் கத்தோலிக்கப் பையன் ஒருவனோடு பழகியதைத் தடுத்தவர். கிளாஸ்கோவில் இந்தப் பிளவு கால்பந்து மைதானம் வரை போகும். ரேஞ்சர்ஸ் அணி ஒரு பக்கம், செல்டிக் அணி மறு பக்கம். தகப்பன் அப்படி இருந்ததால் மகள் வீட்டில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். யாரோடு போகிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கொலை டாமியின் கையால் நடந்தது. அவள் தனியாக அந்த இரவுக்குள் நடந்துபோனதில் அவள் வீட்டுக்கும் பங்கு உண்டு. இதைத் தகப்பனிடம் யார் சொல்வது? நாவலில் பட் லாசனின் கோபம் அவ்வளவு பெரிதாக இருப்பது, தன்னை நோக்கித் திரும்பவேண்டிய கோபத்தை வெளியே துரத்திக்கொண்டிருப்பதால்தான். இவ்வளவையும் 1977இல் ஒரு போலீஸ் நாவலுக்குள் வைத்தவரைப் பழைய வழக்கத்தைப் பின்பற்றியவர் என்று ஒதுக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆனால் பெண் வாசகர்கள் சொல்லும் குறைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஜெனிஃபர் எப்படிப்பட்டவள்? அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள்? நமக்கு மிகக் குறைவாகவே தெரியும். கொன்றவனின் மனதுக்குள் அத்தனை ஆழம் இறங்கியவர், இறந்தவளின் வாசலில் நின்றுவிட்டார். லெய்ட்லாவின் மனைவி ஈனா அவருக்கு ஒரு தொல்லையாகவே வருகிறார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வழக்கு வந்தால் ஓட்டலுக்குப் போய்விடும் கணவனோடு குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒரு நியாயம் இருக்காதா? நாவல் அதைக் கேட்கவே இல்லை. ஜெனிஃபரின் தாய்க்குக் கிடைத்த சில வரிகள் அருமையானவை. அவை இன்னும் இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பள்ளத்தைப் பின்னால் வந்த பெண் எழுத்தாளர்கள் நிரப்பினார்கள். 1998இல் டெனிஸ் மினா ‘கார்னெட்ஹில்’ எழுதியபோது, அதே கிளாஸ்கோவில், மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். போலீஸ் அவள் பேச்சை நம்பத் தயாராக இல்லை. லெய்ட்லா படித்தவர்கள் அதையும் படித்தால்தான் அந்த நகரம் முழுமையாகும்.

வன்முறை அதிகம், இருட்டு அதிகம் என்பது இன்னொரு புகார். இதை வைப்பவர்கள் ஸ்காட்லாந்தின் மற்றப் போலீஸ் நாவல்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். 1998இல் வந்த இர்வின் வெல்ஷின் ‘ஃபில்த்’ நாவலில் கதை சொல்லும் போலீஸ்காரனைப் போல அருவருப்பான ஆளைப் பார்ப்பது அரிது. அவன் குடலில் இருக்கும் நாடாப்புழுவும் நடுநடுவே பேசுகிறது. 2005இல் வந்த ஸ்டூவர்ட் மெக்பிரைடின் ‘கோல்ட் கிரானைட்’ அபர்டீன் நகரத்தில் குழந்தைகள் கொலையாகும் கதை; மழையும் கறுப்பு நகைச்சுவையும் விடாமல் பெய்கின்றன. இவற்றோடு வைத்துப் பார்த்தால் ‘லெய்ட்லா’வில் ரத்தம் குறைவு. கொலையைக்கூட நம் கண்முன் நடத்திக் காட்டுவதில்லை. ஆனாலும் படித்தவர்களுக்கு மனம் கனத்துப்போகிறது. காரணம், வன்முறை எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடுவது. லாசன் குடும்பம் இருக்கும் டிரம்சேப்பல், நகரத்தின் நெரிசலான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய் விளிம்பில் குடிவைத்த பெரிய வீட்டு வசதித் திட்டங்களில் ஒன்று. வீடு கொடுத்தார்கள், கடைகளும் கூடிப் பேச இடங்களும் பின்னால் வரும் என்றார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஊரமைப்புத் துறையின்மேல் வரும் கோபம் டாமியின்மேல் வருவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஊரின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கிளாஸ்கோக்காரர்களிடமிருந்தே வரும். 1983இல் அந்த நகராட்சி, கிளாஸ்கோ நல்ல ஊர், வந்து பாருங்கள் என்று பெரிய விளம்பர இயக்கமே நடத்தியது. 1990இல் ஐரோப்பியப் பண்பாட்டு நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் வன்முறை விளம்பரத்தில் கரைந்துபோகவில்லை. 2005இல் அந்த வட்டாரக் காவல் துறையே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, கத்திக்குத்தைத் தொற்றுநோய் போலப் பார்த்து, மூலத்தைத் தேடி மருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்தது. மருத்துவர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்களோடு போலீஸ் கைகோத்தது. கொலைகள் கணிசமாகக் குறைந்தன. அதற்கும் இந்த நாவலுக்கும் முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் மில்லிகன் தலைமையில் அப்படி ஒரு பிரிவு தொடங்கியிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

நாவலின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கிரைம் எழுத்தாளர் சங்கம் இதற்கு வெள்ளிக் குத்துவாள் பரிசு கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்றென்று எழுதியிருந்தால் மெக்கில்வனி பணக்காரர் ஆகியிருப்பார். அவர் எழுதியது மூன்றே லெய்ட்லா நூல்கள்: அடுத்தது 1983இல், அதற்கடுத்தது 1991இல். 1985இல் எடின்பரோ புத்தக விழாவில் இளைஞர் ஒருவர் அவரிடம் போய், உங்கள் லெய்ட்லா போலவே எடின்பரோவை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். எடின்பரோ லெய்ட்லாவுக்கு வாழ்த்து என்ற பொருளில் மெக்கில்வனி கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த இளைஞர் இயன் ரேங்கின். 1987இல் அவருடைய இன்ஸ்பெக்டர் ரீபஸ் பிறந்தார். 1997இல் வந்த எட்டாவது ரீபஸ் நாவலான ‘பிளாக் அண்ட் புளூ’ தங்கக் குத்துவாள் பெற்றது. 1968, 69 ஆண்டுகளில் கிளாஸ்கோவில் நடன அரங்கிலிருந்து திரும்பிய மூன்று பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாமல் போன ‘பைபிள் ஜான்’ என்பவனின் நிழல் அதில் நீள்கிறது. அந்த நிழல் ‘லெய்ட்லா’விலும் இருக்கிறது. நடனத்துக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை என்ற வரியை 1977இல் படித்த கிளாஸ்கோ வாசகருக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரே அசுரன் என்று அழைத்துப் பழகிய ஒருவனின் நினைவு ஆறாத நேரத்தில், அசுரன் என்று யாரும் இல்லை என்று சொல்லும் போலீஸ்காரரை ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

சீடர் உலகப் புகழ் பெற்றார். ஆசானின் நூல்கள் அச்சில் இல்லாமல் போயின. 2013இல்தான் கேனன்கேட் பதிப்பகம் மூன்றையும் மறுபடி கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் மெக்கில்வனி மறைந்தார். ஸ்காட்லாந்தின் ஆண்டுச் சிறந்த கிரைம் நூலுக்கான பரிசு 2016 முதல் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. அவர் பாதியில் விட்டுப்போன லெய்ட்லா கதை ஒன்றை ரேங்கின் முடித்துக்கொடுத்து, 2021இல் ‘தி டார்க் ரிமெயின்ஸ்’ என்று வந்தது. லெய்ட்லாவின் இளமைக் காலம் அதில் இருக்கிறது.

இந்த உரையைக் கேட்டுவிட்டுப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கதையில் முந்தியது என்பதற்காக ‘தி டார்க் ரிமெயின்ஸ்’ நூலை முதலில் எடுக்காதீர்கள். மூன்றாவது நூலான ‘ஸ்ட்ரேஞ்ச் லாயல்ட்டீஸ்’ லெய்ட்லாவே தன் வாயால் சொல்லும் கதை, தன் தம்பியின் சாவுக்குக் காரணம் தேடும் கதை. எனக்கு அதுதான் அவருடைய சிறந்த நூல். ஆனால் முதல் நூலில் அந்த மனிதரோடு சண்டை போட்டுவிட்டு அங்கே போனால்தான் அது கைகொடுக்கும். ஆகவே 1977ஆம் ஆண்டு நாவலில் தொடங்குங்கள். முதல் ஐம்பது பக்கத்தில் உவமைகள் எரிச்சலூட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் உங்கள் புகார்களை எழுதி எடுத்துவாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.